நோட்டுப் புத்தகத்துக்கு ஒரு மணிக்குஞ்சம்

மலாக்கா ஜோங்கர் தெருவில் மணிக்காலணிக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். பிடாங்கான் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, நோன்யா பெண்கள் பாசிமணிகளை ஒவ்வொன்றாகத் தைத்த ‘காசுட் மானேக்’ அது. கெபாயா உடுத்தும் மலாக்கா செட்டிப் பெண்களும் அதை அணிவதுண்டு.

அந்த மணிகளில் ஒரு பிடி இருந்தால் கையால் தைத்த நோட்டுக்கு அழகான குஞ்சம் செய்யலாம்.

மணி வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். எண் கூடக் கூட மணி சிறுக்கும். புதிதாகப் பழகுவோருக்கு, சுமார் 2 மில்லிமீட்டர் உள்ள 11ஆம் எண் ஏற்றது. நைலான் நூலை ஒரு சிறு வளையத்தில் முடிந்து, மறுமுனையை மெல்லிய ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். 20 சிறுமணி, ஒரு பெரிய மணி, கடைசியாக ஒரு சிறுமணி. அந்தக் கடைசி மணியை மட்டும் விட்டு, மற்ற மணிகளின் வழியே ஊசியை மேலே கொண்டுவந்து வளையத்தில் இரண்டு முடிச்சுப் போடுங்கள். கடைசி மணிதான் பூட்டு. மூன்று சரம் சேர்ந்தால் குஞ்சம். அதைப் புத்தக முதுகு நாடாவில் தொங்கவிடுங்கள். உள்ளே வைத்தால் தாளில் தழும்பு விழும்.

ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவிய அம்மா சொல்லும் கதைகளை இப்படிப்பட்ட நோட்டில்தான் எழுதி வருகிறேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களும் பெரட்டுக்களமும் அவர் பேச்சில்தான் மிச்சம். வெறும் நோட்டு பழைய பேப்பரோடு போய்விடும். மணி ஆடும் புத்தகத்தைத் தூக்கிப்போடக் கை தயங்கும்.

முதலில் உங்கள் வீட்டுப் பாட்டியிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். மணியைப் பிறகு கோக்கலாம்.