கல்லுக்குள் அடைபட்ட காற்று

அரியலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை கடிதம் எழுதியிருக்கிறார். அவர்கள் பள்ளியில் புதிய வகுப்பறைகள் எழும்புகின்றன. மூட்டை மூட்டையாகச் சிமெண்ட் வந்து இறங்குவதைப் பார்த்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "டீச்சர், ஒரு மூட்டை சிமெண்டுக்கு எத்தனை மரம் நட்டா சரியாப் போகும்?" என்று கேட்டாளாம். சிமெண்ட் ஆலை கரியமில வாயுவை வெளியே விடுகிறது, மரம் அதை எடுத்துக்கொள்கிறது என்று பாடம் நடத்திய மறுநாள் வந்த கேள்வி. "எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீங்கள் எழுதுங்கள்" என்கிறார் ஆசிரியை.

அருமையான கேள்வி. அதைக் கேட்க அரியலூரைவிடப் பொருத்தமான ஊரும் கிடையாது.

இலை எப்படிக் காற்றிலிருந்து கார்பனை எடுக்கிறது என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை. அந்தப் புத்தகத்துப் படத்தில் விடுபட்டுப்போன ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். மரம், மாடு, கடல், ஆலைப் புகை என்று வரைந்து, நடுவே அம்புக்குறிகளைச் சுற்றவிட்டிருப்பார்கள். எல்லா அம்புகளும் ஒரே பருமனில் இருக்கும். ஓர் அம்பு ஒரு பகல் பொழுதில் முடிகிற வேலை, அதை ஒட்டியிருக்கும் இன்னோர் அம்பு பல லட்சம் ஆண்டு வேலை என்பது அந்தப் படத்தில் தெரியாது.

எங்கள் வீட்டில் அம்மா கடுகு டப்பாவில் சில்லறை போட்டு வைத்திருப்பார். காலையில் கீரைக்காரிக்குப் போகிற காசு சாயங்காலம் மோர் விற்ற காசாகத் திரும்பி வரும். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் நிலப் பத்திரம் கிடந்தது. தாத்தா காலத்துக்குப் பிறகு அதை யாரும் வெளியே எடுத்ததில்லை. பூமியின் கார்பனும் இப்படி இரண்டு இடத்தில் இருக்கிறது. புழங்குவது ஒன்று, பூட்டி வைத்தது ஒன்று.

புழங்குகிற கார்பனை முதலில் பார்ப்போம். காற்று மண்டலத்தில் ஏறத்தாழ 88,000 கோடி டன் கார்பன் இருக்கிறது. நிலத்துச் செடிகொடிகள் ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி டன்னை உள்ளே இழுக்கின்றன. மூச்சு, மக்கல், தீ வழியாகக் கிட்டத்தட்ட அவ்வளவும் திரும்பிவிடுகிறது. இந்தப் போக்குவரத்தைக் கண்ணால் பார்க்க வைத்தவர் சார்லஸ் டேவிட் கீலிங். 1958 இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கருவி வைத்துக் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் அளவு உச்சத்துக்குப் போகிறது. வடகோளத்துக் காடுகள் துளிர்த்துத் தழைத்தபின் செப்டம்பர் வாக்கில் இறங்குகிறது. ஆனால் ஒவ்வோர் ஆண்டின் உச்சமும் முந்தைய ஆண்டின் உச்சத்தைவிட உயரம். அவர் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. ஏறி இறங்குவது புழங்குகிற கார்பன். ஏறியபடியே போவது பெட்டியைத் திறந்ததால் வந்தது.

பூட்டி வைத்த கார்பன் எங்கே? நிலக்கரி, பெட்ரோல் என்றுதான் எல்லோருக்கும் நினைவு வரும். அவை இருக்கட்டும். அவற்றைவிடப் பெரிய இருப்பு ஒன்று நம் காலடியில் கல்லாகக் கிடக்கிறது. உலகத்துப் பாறைகளில் உள்ள கார்பன், காற்றில் உள்ளதைப் போலப் பல்லாயிரம் மடங்கு. அதில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்.

அரியலூர்ச் சுரங்கத்துக் கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். குறிப்பாகக் கல்லங்குறிச்சிப் பகுதிக் கல். வளைந்து தடித்த சிப்பிகள் அதில் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். கிரைஃபியா என்ற ஒரு வகை ஆளி அது. ஓட்டின்மேல் விரலை ஓட்டினால் அது வளர்ந்த வரிகள் தட்டுப்படும். அரியலூர், பெரம்பலூர், திருச்சி வட்டாரத்தின் ஒரு பகுதியில் அன்று கடல் இருந்தது. டைனோசர்கள் கரையில் திரிந்த காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் படிவங்களை வரைபடமாக்க, ஸ்டோலிச்கா இங்கு கிடைத்த உயிரெச்சங்களை ஒவ்வொன்றாக விவரித்து எழுதினார். அன்றிலிருந்து உலகப் புவியியலாளர்களுக்கு அரியலூர் தெரிந்த ஊர். நம்மூர்க்காரர்களுக்குத்தான் லாரிப் புழுதியாக மட்டும் தெரிகிறது.

அந்தக் கல்லைக் கொஞ்சம் பொடித்து எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். நுரைத்துக்கொண்டு குமிழ் வரும். குமிழுக்குள் இருப்பது கரியமில வாயு. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளாக வெளிக்காற்றைக் காணாத கார்பன் அது. ஒரு கிலோ சுண்ணாம்புக் கல்லுக்குள் 440 கிராம் கரியமில வாயு அடைபட்டிருக்கிறது. விடுவித்தால் நம் அறை வெப்பத்தில் சுமார் 240 லிட்டர் வரும்.

காற்று எப்படிக் கல்லுக்குள் போனது? மழைத்துளி விழும்போதே காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது கருங்கல்லின்மேல் விழுந்து கல்லைத் துளித்துளியாக அரிக்கிறது. அரித்த சுண்ணச்சத்தும் கார்பனும் ஆற்றோடு கடலுக்குப் போகின்றன. சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும் அதை எடுத்து ஓடு கட்டுகின்றன. கல்லை அரிக்கும்போது காற்றிலிருந்து எடுத்தது இரண்டு பங்கு என்றால், ஓடு கட்டும்போது ஒரு பங்கு திரும்பி வெளியேறும். மீதி ஒரு பங்கு ஓட்டிலேயே தங்கும். ஓடுகள் கடலடியில் படிந்து, அழுந்தி, பாறையாகின்றன. அதில் ஒரு பகுதி பூமியின் உட்புறச் சூட்டில் சிக்கி, எரிமலை வழியாக மறுபடி காற்றுக்கு வரும். ஒரு சுற்று முடியக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம்.

இதில் வியப்பான ஒன்று உண்டு. பூமி சூடானால் மழை கூடும், கல் அரிபடும் வேகமும் கூடும், அதிகக் கரியமில வாயு கல்லுக்குள் போகும், பூமி குளிரும். குளிர்ந்தால் எல்லாம் மந்தமாகி, எரிமலை விடுகிற வாயு காற்றில் சேர்ந்து மறுபடி சூடேற்றும். வாக்கர், ஹேய்ஸ், காஸ்டிங் என்ற மூவர் 1981 இல் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார்கள். உயிர்கள் இத்தனை கோடி ஆண்டு பிழைத்துக் கிடந்ததற்கு இந்தத் தன்கட்டுப்பாடு ஒரு பெரிய காரணம். ஆனால் அது வேலை செய்ய லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். நம் புகைக்கு அது உடனே ஈடுகொடுக்காது. உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடுவதைப்போல் குறைந்தது 50 மடங்கை நாம் விடுகிறோம்.

இனி எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கோடிக்கணக்கான ஆண்டு எடுக்கும் இந்தக் கதையின் ஒரு துண்டை மனிதன் குறுகிய காலத்துக்குள் நடத்திக் காட்டும் இடம் ஒன்று உண்டு: சுண்ணாம்புக் காளவாய்.

கிளிஞ்சலையோ கல்லையோ காளவாயில் அடுக்கி, 900 டிகிரி அளவுக்குச் சுடுகிறார்கள். அடைபட்ட வாயு வெளியேறிவிடுகிறது. 100 கிலோ கல் போட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்புதான் மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் சீறிக் கொதித்து, பிளந்து, மாவாக நீறும். வட்டப் பள்ளத்தில் கல் சக்கரத்தை மாடு இழுக்க, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுப் பக்குவப்படுத்திச் சுவரில் பூசுவார்கள். பூசிய நாளிலிருந்து அந்தச் சுவர் காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப வாங்கத் தொடங்குகிறது. வாங்க வாங்க இறுகி, மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகிறது. சுண்ணாம்பு காய்வதால் மட்டும் இறுகுவதில்லை. தான் இழந்த காற்றை மீட்டுக்கொள்வதால் இறுகுகிறது. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரண்டகத்தில் திறந்து வைத்தால் மேலே ஏடு கட்டி முறுகிப்போகிறதே, அங்கும் இதேதான் நடக்கிறது.

கரியமில வாயுவை மனிதன் கண்டுகொண்டதில் சுண்ணாம்புக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜோசப் பிளாக் 1750-களில் சுண்ணாம்புக் கல்லையும் மெக்னீசியம் கார்பனேட்டையும் சுட்டு, சுடுமுன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தார். குறைந்த எடை ஒரு வாயுவாகப் போயிருக்கிறது என்று கண்டார். நாம் விடும் மூச்சிலும் அதே வாயு இருப்பதைத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஊதிக் காட்டினார். தண்ணீர் பால்போல் வெளுத்தது. அந்த வெண்மை, மூச்சுக்காற்று கல்லாகிற காட்சி. இன்றைக்கும் ஒரு கண்ணாடி டம்ளரும் உறிஞ்சு குழாயும் இருந்தால் பள்ளியில் செய்து காட்டலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, உறிஞ்சிவிடாமல் ஊத மட்டுமே வேண்டும்.

சிமெண்டும் இதே கல்லிலிருந்து வருவதுதான். களிமண்ணோடு சேர்த்து 1,450 டிகிரி வரை சுடுகிறார்கள். உலகம் விடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளின் புகை அல்ல, கல்லுக்குள்ளிருந்தே கிளம்புவது. ஆலை முழுவதும் சூரிய மின்சாரத்தில் ஓடினாலும் அந்தப் பங்கு வெளியேறியே தீரும். கான்கிரீட்டும் சுண்ணாம்பைப்போலக் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்ளும். 2016 இல் வெளியான ஓர் ஆய்வு, 1930 முதல் 2013 வரை கல்லிலிருந்து வெளியேறியதில் சுமார் 43 சதவீதத்தை உலகத்துச் சிமெண்ட் மெல்ல மீட்டுக்கொண்டது என்று கணக்கிட்டது. ஆனால் கம்பி கட்டிய கான்கிரீட்டில் இந்த மீட்பு கம்பிவரை எட்டினால் கம்பி துருப்பிடிக்கும், கூரை வெடிக்கும். சுண்ணாம்புச் சுவருக்கு வலுவாவது, கம்பிக் கான்கிரீட்டுக்கு நோயாகிறது.

இப்போது அந்த மாணவிக்குப் பதில். அம்மா, 50 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 30 முதல் 40 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அந்த வாயுவின் எடையில் பெரும்பகுதி ஆக்சிஜன், கார்பன் குறைவுதான். காய்ந்த மரத்திலோ பாதி எடை கார்பன். ஆகவே ஏறத்தாழ 20 கிலோ காய்ந்த கட்டை இருந்தால் எடை சரியாகும். ஒரு நல்ல புங்கமரம் சில ஆண்டுகளில் அதைத் தந்துவிடும். எடைக் கணக்கு இவ்வளவு எளிது. காலக் கணக்குதான் ஒத்துவராது. அந்தக் கட்டை எரியாமல், மக்காமல், கறையான் தின்னாமல் எத்தனை காலம் இருக்கும்? கல் 7 கோடி ஆண்டு வைத்திருந்ததை மரம் நூறாண்டு வைத்திருந்தால் பெரிது. பத்திரத்தை விற்றுவிட்டுக் கடுகு டப்பாவில் சில்லறை சேர்ப்பதுபோல ஆகிவிடும். அதனால் மரம் நடாதே என்று சொல்லவில்லை. நிழலுக்காக, மழைக்காக, குருவிக்காக நடு. நட்டதைத் தண்ணீர் ஊற்றி வளர்த்து விடு. மூட்டைக்கு மூட்டை ஈடு என்று மட்டும் நினைக்காதே.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சிமெண்ட் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பாலத்துக்கும் அணைக்கும் அது வேண்டும். ஆனால் கோயில் மதிலிலும் பழைய வீட்டிலும் நூறு, இருநூறு ஆண்டு நின்ற சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசுகிறோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல்லை உப்புப் பொரியவைத்து உதிர்க்கிறது. காளவாயிலும் விறகோ கரியோ எரிகிறது, அதுவும் புகைதான். சுண்ணாம்பு குற்றமற்றது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கல்லிலிருந்து எடுத்த வாயுவில் பெரும்பங்கைத் திருப்பி வாங்குகிற, உடைத்தாலும் மண்ணோடு மண்ணாகிற பூச்சை, ஒற்றை மாடி வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும்கூட நாம் மறந்துவிட்டது நல்லதல்ல.

கட்டடப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்பு நீற்றுவதையும் அரைப்பதையும் செய்முறையாகவே கற்பிக்க வேண்டும். அரசுக் கட்டடங்களில் சுமை தாங்காத சுவர்களுக்காவது அதை அனுமதிக்க வேண்டும். அரியலூரில் சிப்பியும் எலும்பும் செறிந்த படிவங்களைச் சுரங்கத்திலிருந்து ஒதுக்கி, வேலி போட்டு, பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்ட வேண்டும். கடுக்காய் எத்தனை நாள் ஊற வேண்டும், சுண்ணாம்பு எப்போது பதம் என்று கைப்பக்குவத்தில் அறிந்த கொத்தனார்கள் பலருக்கு இன்று வயதாகிவிட்டது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், ஒரு திண்ணையையாவது அவர் கையால் பூசச் சொல்லி, பக்கத்தில் ஓர் இளைஞரை நிறுத்துங்கள்.