மலையேறிய சிப்பி

மோனாலிசாவுக்குப் பின்னால் தெரியும் மலை எந்த ஊர் மலை என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எங்கள் ஊர்தான் என்று இத்தாலியில் பல ஊர்க்காரர்கள் மல்லுக்கு நிற்கிறார்கள். அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். லியனார்டோ டாவின்சி மலையை எப்படிப் பார்த்தார் என்று தெரிய, வண்ணத்தை விட்டுவிட்டு அவருடைய பேனாக் கோடுகளுக்கு வர வேண்டும்.

பிளாரன்ஸில் உஃபிசி அருங்காட்சியகத்தில் ஒரு நிலக்காட்சி இருக்கிறது. மேல் மூலையில் அவரே தேதி போட்டிருக்கிறார்: 1473 ஆகஸ்ட் 5. அப்போது வயது 21. அருவி விழும் பாறையில் அப்போதே அடுக்குகள் தெரிகின்றன. இங்கிலாந்து அரச சேகரிப்பில் இருக்கும் இன்னொன்று 1510-ஐ ஒட்டி வரைந்தது. அதில் ஆளும் இல்லை, கதையும் இல்லை. பாறையடுக்குகள்தான் எல்லாம். கடைக்குப் போடச் சேர்த்து மழையில் ஊறவிட்ட எங்கள் வீட்டுப் பழைய பேப்பர் கட்டு மாதிரி: ஜனவரி அடியில், ஜூன் மேலே.

அடுக்குகளில் இவ்வளவு அக்கறை ஏன்? மிலானில் பெரிய குதிரைச் சிலை வேலையில் இருந்தபோது, குடியானவர்கள் மலையில் கிடைத்த சிப்பிகளையும் பவளங்களையும் ஒரு பெரிய மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்தார்களாம். லெஸ்டர் சுவடி எனப்படும் தம் குறிப்பேட்டில் அவரே எழுதியது. மலைக்குக் கடற்சிப்பி எப்படி வந்தது? நோவா காலத்துப் பெருவெள்ளம் அடித்து வந்தது என்பது அன்றைய பேச்சு. மனிதர் கணக்குப் போட்டார். உயிருள்ள சிப்பி மண்ணைக் கீறி நகர்ந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 2 மீட்டர். அட்ரியாடிக் கடலிலிருந்து சிப்பி கிடக்கும் மான்ஃபெராட்டோ மலைக்கு 250 மைல். வெள்ளம் 40 நாள். போய்ச் சேருமா? செத்த சிப்பியை வெள்ளம் உருட்டி வந்ததென்றால், இரண்டு மூடிகளும் பிரியாமல், பெரிசும் சிறிசுமாகக் குடும்பத்தோடு எப்படிக் கிடக்கும்? போதாததற்கு, அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே புழு ஊர்ந்த தடம் வேறு. ஒரே வெள்ளம் இத்தனை அடுக்கு போடாது.

அவர் இதை அச்சுக்குக் கொடுக்கவில்லை. அடி அடுக்குதான் மூத்தது என்ற விதியை 1669-இல் அதே பிளாரன்ஸில் ஸ்டெனோ என்பவர் வெளியிட்டுப் பெயர் வாங்கினார். லியனார்டோவின் சுவடியை 1994-இல் பில் கேட்ஸ் 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்.

எனக்கு ஓர் ஆதங்கம். லியனார்டோ பாறையைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்; நம் நிலவியல் மாணவர்கள் பாறையைப் போனில் பிடிக்கிறார்கள். படத்தை மட்டும் போன வருஷ ரெக்கார்டு நோட்டைப் பார்த்துப் போடுகிறார்கள். அதில் போன வருஷத்துப் பிழையும் சேர்ந்தே வருகிறது, மதிப்பெண்ணும் விழுந்துவிடுகிறது.