கண்ணை மூடினால் கணக்கு ஓடுகிறதா?

இரும்பையிலிருந்து மரக்காணம் வரை உள்ள கரையோரத்தில் கவலைக்குப் பஞ்சமில்லை. உப்பு வாரும் சமயத்தில் ஒரு கோடைமழை கொட்டினால் பாத்தியில் விளைந்தது கரைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அடுத்த பருவம் வரை வேறு கூலி தேட வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று புயல்கள் பார்த்த பகுதி இது.

இங்கே ஒருவர் இரவில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடினால் ஆண்டவருக்கு முன்னால் குழுக் கடனின் தவணை வந்து நிற்கிறது. பின்னாலேயே மகளின் கல்லூரிக் கட்டணம், மேஸ்திரி சொன்ன ஒரு சொல், காலையில் போட மறந்த மாத்திரை. ஆமென் சொல்லி எழும்போது, ஜெபித்தோமா கணக்குப் பார்த்தோமா என்றே தெரிவதில்லை. அதற்குமேல் இன்னொரு பாரமும் சேர்கிறது: நமக்கு விசுவாசம் போதவில்லையோ?

இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவ மரபு கொடுத்திருக்கும் பதில்கள் பழையவை, நடைமுறைக்கு உதவுபவை.

கவலைப்படுவது விசுவாசக் குறைவா?

கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே கலங்கினார். தமது துயரத்தைச் சீடர்களிடம் மறைக்கவும் இல்லை. அந்த இரவு அவருடைய வியர்வை இரத்தத் துளிகள்போல் விழுந்ததாக லூக்கா எழுதுகிறார். மூன்று முறை போய் ஜெபித்தார், அதே வார்த்தைகளையே திரும்பச் சொன்னார் என்கிறது மத்தேயு நற்செய்தி. கலக்கம் பாவம் என்றால் இந்தக் காட்சியை நற்செய்தியாளர்கள் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

எதற்கும் கவலைப்படாமல் எல்லாவற்றையும் நன்றியோடு கடவுளிடம் சொல்லுங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல், அப்போது சிறையில் இருந்தார். வசதியாக உட்கார்ந்துகொண்டு சொன்ன புத்திமதி அல்ல அது.

எண்ணம் ஓடினால் என்ன செய்வது?

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், ஜெபத்தைக் கலைக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். போஜனப்பிரியம், காமம், பண ஆசை, துக்கம், கோபம், சலிப்பு, வீண்பெருமை, அகந்தை. இவற்றில் சலிப்பைப் பற்றி அவர் எழுதியது இன்றைக்கும் சிரிக்க வைக்கும். நடுப்பகலில் துறவிக்குச் சூரியன் நகராமல் நிற்பதாகத் தோன்றுமாம். ஒரு நாள் 50 மணி நேரமாக நீளுமாம். யாராவது வருகிறார்களா என்று ஜன்னலையே பார்ப்பாராம். கைப்பேசியை நிமிடத்துக்கொரு தரம் எடுத்துப் பார்க்கும் நமக்கு இது அந்நியமாகப் படாது.

அவர் சொன்ன மருந்தின் முதல் பகுதி, வந்த எண்ணம் எது என்று அடையாளம் காண்பது. 'மனசு சரியில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், 'இது கடனைப் பற்றிய பயம்', 'இது அவர்மேல் உள்ள கோபம்' என்று பெயர் சொல்லிப் பார்க்க வேண்டும். அடுத்தது, அந்த எண்ணத்துக்கு ஒரு வேதவசனத்தால் பதில் சொல்வது. இதற்காகவே ஏறக்குறைய 500 பதில்களைத் தொகுத்து ஒரு நூல் செய்தார். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாங்கிவந்து சுவரில் மாட்டும் வாக்குத்தத்த வசனத்தை இப்படிப் பயன்படுத்தலாம். பயம் எழும் நேரத்தில் வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அது வெறும் அட்டைதான்.

எண்ணங்களோடு சண்டை போட்டு விரட்ட முயல்வது பலிக்காது. அவிலா நகரத்துப் புனித தெரேசா, தாம் ஜெபத்தில் உட்கார்ந்து மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்த வருடங்களைப் பற்றி ஒளிக்காமல் எழுதியவர். 1577-இல் எழுதிய நூலில், மாவு மில்லின் கட்டை தன்பாட்டுக்குத் தடதடக்கட்டும், நாம் மாவரைப்பதை நிறுத்த வேண்டாம் என்ற பொருளில் யோசனை சொல்கிறார். சிதறிய மனதைத் திட்டாமல் திருப்பிக் கொண்டுவந்தால் போதும். எத்தனை முறை திரும்ப வேண்டியிருந்தாலும் அதுவும் ஜெபமே.

ஒரே வரியைப் பிடித்துக்கொள்வது

திரும்பி வர ஓர் இடம் வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் காசியன், உதவி கேட்கும் சங்கீத வசனம் ஒன்றை நாள் முழுவதும் சொல்லும் வழக்கத்தை எழுதி வைத்தார். கீழைத் திருச்சபையினர் இயேசுவின் பெயரைச் சொல்லி இரக்கம் கேட்கும் ஒற்றை வாக்கியத்தைச் சொல்கிறார்கள். குளித்தலைக்கு அருகே காவிரிக்கரையில் 1950-இல் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமத்துக்கு 1968-இல் வந்து, 1993-இல் மறையும்வரை அதோடு இணைந்திருந்த பீட் கிரிஃபித்ஸ் அடிகளின் ஜெபமும் இதுவே. ஜெபமாலையில் 53 முறை மங்கள வார்த்தை ஜெபம் சொல்லும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு, விரலும் நாவும் ஒன்றில் நிலைக்கும்போது மனம் தணிவது பழகிய அனுபவம்.

திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் உள்ள இரும்பையில், பக்கத்திலேயே ஆரோவில்லின் மாத்ரிமந்திர் இருக்கும் ஊரில், ஒரு கேள்வி எழலாம்: இது இந்துக்களின் ஜபம் ஆயிற்றே, கிறிஸ்தவர் செய்யலாமா? ஜான் மெய்ன் கதை இதற்கு உதவும். 1950-களில் மலாயாவில் காலனி அரசுப் பணியில் இருந்த அவர், கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவிய சுவாமி சத்தியானந்தாவிடம் ஒரே சொல்லைத் திரும்பச் சொல்லித் தியானிக்கக் கற்றார். தாம் கிறிஸ்தவர் என்பதால் கிறிஸ்தவச் சொல்லையே கொண்டு செய்தார். 1959-இல் பெனடிக்ட் சபையில் சேர்ந்தபோது, அதை விட்டுவிடச் சொன்னார்கள், விட்டுவிட்டார். பல ஆண்டுகள் கழித்துக் காசியனைப் படித்தபோது, அந்த முறை தம் சொந்தத் திருச்சபையிலேயே இருந்தது தெரிந்தது. 1975-இல் லண்டனில் தியானக் குழு தொடங்கி, 'மாரநாதா' என்ற சொல்லைக் காலையும் மாலையும் சொல்லக் கற்பித்தார். ஆண்டவரே வாரும் என்று அழைக்கும் அரமேயச் சொல் அது.

கவலையை விண்ணப்பமாக்குவது

ஜெபத்துக்கு உட்காரும் முன் மனதில் உள்ளதை ஒரு தாளில் எழுதலாம். எழுதியதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மழை வருமா என்பது நம் கையில் இல்லை; அதை ஆண்டவரிடம் விடலாம். குவித்த உப்பைக் கீற்றால் மூடுவது நம் வேலை. அதைக் காலையில் செய்ய வேண்டும். கடன் அடையுமா என்பது விண்ணப்பம். தவணைக்கு அவகாசம் கேட்டுப் போய்ப் பேசுவது நாளைய காரியம். பிறகு, இன்று நன்றாக நடந்த ஒன்றைச் சொல்லி நன்றி செலுத்தலாம். நாளைய பாடு நாளைக்கு என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதன் நடைமுறை இதுதான்.

மனம் சோர்ந்திருக்கும் வேளையில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் விதி. நடுராத்திரிப் பயத்தில் வேலையை விடவோ உறவை முறிக்கவோ தீர்மானிக்கிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள அறிவுரை குறைவு.

ஜெபம் மட்டும் போதுமா?

எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு செடியின் அடியில் படுத்து, சாக வேண்டும் என்று மன்றாடினார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டவர் மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பிச் சாப்பாடு போட்டான். கடவுள் அவரோடு பேசியது அதற்குப் பிறகுதான்.

ஆகவே தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், காரணமின்றி நெஞ்சு படபடத்தால், வேலைக்குப் போக முடியாமல் போனால், மருத்துவரைப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாது. புதுச்சேரி ஜிப்மரில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தாலும் அன்றே அழைக்க வேண்டும். அப்படிப்பட்டவரை வீட்டார் தனியாக விடக் கூடாது. மருத்துவர் தந்த மாத்திரையை, ஜெபிக்கிறோம் என்பதற்காக யாரும் நிறுத்தச் சொல்லவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. மாத்திரையைப் போட்டுக்கொண்டே ஜெபிக்கலாம். உங்களுக்காக ஜெபிக்கிற சபையாரிடமும் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.