முடிவில் தொடங்கும் பணி

கெடா மாநிலத்தின் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சியகம் உள்ளது. அதன் வளாகத்தில், ‘சண்டி’ எனப்படும் பழங்கால வழிபாட்டுத் தலம் ஒன்றைக் காணலாம். சிதைந்து கிடந்த அதன் கற்கள் 1960ஆம் ஆண்டுவாக்கில் மீண்டும் அடுக்கப்பட்டன. அப்பணியை முடித்தவர்கள் தங்கள் உழைப்பின் பயனைக் கண்ணால் கண்டிருப்பர். கையால் தொட்டுப் பார்த்திருப்பர். ஆனால், மென்பொருளை உருவாக்கும் நிரலருக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவருடைய உழைப்பு கணினிக்குள் மறைந்திருக்கிறது. அவ்வாறாயின், பெரியதொரு மென்பொருளை முடித்ததும் அவர் மனம் எவ்வாறு இருக்கும்?

முதலில் தோன்றுவது நிம்மதி. பெரிய மென்பொருளை உருவாக்கப் பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள்கூட ஆகும். ஒப்படைக்கும் நாள் நெருங்க நெருங்க வேலைப்பளு கூடும், உறக்கம் குறையும். எனவே, பணி முடிந்த அன்று பெரும் பாரத்தை இறக்கி வைத்ததுபோல் உடலும் மனமும் இலேசாகும்.

அடுத்த சில நாள்களில் வெறுமை தலைகாட்டும். எஸ்.பி.எம். தேர்வின் கடைசித் தாளை எழுதி முடித்த மாணவரை எண்ணிப் பாருங்கள். நெடுநாளாகக் காத்திருந்த விடுமுறை வந்துவிட்டது. ஆயினும், மறுநாள் காலையில் என்ன செய்வதென்று அவருக்குத் தெரிவதில்லை. நிரலரின் நிலையும் இதுவே. நாள்தோறும் மனத்தை இழுத்துப் பிடித்திருந்த குறிக்கோள் திடீரென மறைகிறது. ஒன்றாக உழைத்த நண்பர்களும் வெவ்வேறு பணிகளுக்குப் பிரிந்து செல்கின்றனர். ஆகவே, இந்த வெறுமை சோம்பலும் அன்று, தோல்வியும் அன்று. நீண்ட உழைப்புக்குப்பின் இயல்பாக எழும் உணர்வே அது.

இதனோடு அச்சமும் கலந்திருக்கும். மென்பொருளை எவ்வளவுதான் சோதித்தாலும், ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தத் தொடங்கிய பின்னரே சில பிழைகள் வெளிப்படும். அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் கனூத், கணித நூல்களை அழகாக அச்சுக்கோப்பதற்காக 1977ஆம் ஆண்டில் ‘டெக்’ என்னும் மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். ஓராண்டில் முடித்துவிடலாம் என்று எண்ணினார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. முடிந்த பிறகும் அவர் பிழைகளைக் கண்டு வெட்கப்படவில்லை. தம் பிழைகளைப் பட்டியலிட்டுக் கட்டுரையாகவே வெளியிட்டார். பிழையைக் கண்டுபிடித்துச் சொல்பவருக்குக் காசோலை அனுப்பிப் பாராட்டினார். பிழையை மறைப்பதைவிடத் திருத்துவதே பெருமை என்பதை அவர் செயல் உணர்த்துகிறது.

நம் நாட்டிலும் தக்க சான்று உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அத்துடன் பணி முடிந்துவிடவில்லை. கணினிகள் மாறின, மின்னஞ்சல் வந்தது, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறை பரவியது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஏற்ப மென்பொருளும் புதுப்பிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டில், கைத்தொலைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப உதவும் ‘செல்லினம்’ அறிமுகமானது. ஒரு பணியின் முடிவு மற்றொரு பணிக்குத் தொடக்கமாக அமைந்தது.

ஆகவே, பெரிய பணியை முடித்தவர்கள் முதலில் போதிய ஓய்வெடுக்க வேண்டும். பின்னர், குழுவினருடன் அமர்ந்து எது நன்றாக நடந்தது, எது தவறியது என்று மனம்விட்டுப் பேச வேண்டும். கற்ற பாடங்களைக் குறித்து வைப்பது அடுத்த பணிக்குக் கைகொடுக்கும். உடனே மற்றொரு பெரிய வேலையில் இறங்காமல், சிறிய வேலை ஒன்றைச் செய்து பார்ப்பதும் மனத்திற்குப் புத்துணர்ச்சி தரும்.

மெர்போக்கின் சண்டியைக் கற்களை அடுக்கியதோடு விட்டுவிட முடியாது. மழையில் படரும் பாசியை அகற்றிப் பேணினால்தான் அது நிலைத்து நிற்கும். மென்பொருளும் அப்படியே. எவரோ ஒருவர் அதை ஒவ்வொரு நாளும் பயன்படுத்துகிறார் என்னும் எண்ணமே, நிரலரின் வெறுமையை நிறைவாக மாற்றுகிறது.