பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

‘பழி ஓரிடம், பாவம் ஓரிடம்’ என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. அது மனிதருக்கு மட்டுமன்று, இயந்திரத்துக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற ஆண்டு வைட்ஃபீல்டில் நேரில் கண்டேன். இயற்பியல் படிக்கும் நமக்கு அது ஒரு நல்ல பாடம். ஆதலால், நம் மன்றத்து மலரில் எழுதத் துணிந்தேன்.

என் தந்தையார் தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடிப் பெங்களூர் வந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கார் ஓட்டுகிறார். இப்போது அவர் ஓட்டுவது ஒரு தனியாருடைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி. பொத்தானை அழுத்தினால் உயரும். மீண்டும் அழுத்தினால் தாழும். அந்த வண்டி ஒருநாள் முன்பக்க இடது மூலையில் மட்டும் தாழ்ந்து நின்றது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கம்ப்ரசர் ஓயாமல் உறுமியது. வண்டியைப் பார்த்த ஒரு பட்டறையினர், “காற்றுப்பை கிழிந்துவிட்டது, கம்ப்ரசரும் போயிற்று. ஓட்டியவர் பள்ளத்தில் வேகமாக இறக்கியிருக்கிறார்” என்று தீர்ப்புக் கூறினர். அவர்கள் சொன்ன தொகை அப்பாவின் நான்கு மாதச் சம்பளத்தை விஞ்சியது. அதில் பாதியைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாக உரிமையாளர் சொல்லிவிட்டார்.

அப்பா வீட்டுக்கு வந்து, “நான் பள்ளத்திலே விடலேப்பா” என்று ஒரே ஒரு முறை சொன்னார். பிறகு ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் உரிமையாளரிடம், “இரண்டு நாள் பொறுங்கள் ஐயா, என் மகன் ஒரு தடவை பார்க்கட்டும்” என்று கேட்டு வந்தார். அவர் தமக்காக ஒன்றைக் கேட்டு நான் கண்டது அதுவே முதல் முறை.

வண்டி எப்படி உயர்கிறது?

சாதாரண வண்டியில் சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே இரும்புச் சுருள்வில் இருக்கும். இவ்வகை வண்டியில் அதற்குப் பதிலாகத் தடித்த ரப்பரால் ஆன காற்றுப்பை இருக்கிறது. கம்ப்ரசர் காற்றை அடைக்கும். வால்வு திறந்தால் காற்று வெளியேறும். காற்றைக் கூட்டினால் வண்டி உயரும், குறைத்தால் தாழும். சுமையேறினாலும் வண்டியின் உயரம் மாறாதிருக்கும் அமைப்பு புதியதன்று. 1955-இல் பாரிசில் அறிமுகமான சித்ரோயன் டி.எஸ். என்ற கார், எண்ணெயும் வாயுவும் கொண்டு அந்த வேலையைச் செய்தது. மின்னணுக் கட்டுப்பாட்டுடன் கூடிய காற்றுச் சஸ்பென்ஷன் 1992 வாக்கில் ரேஞ்ச் ரோவரில் வந்தது. அதை உருவாக்கும் நிறுவனத்தை நம் நாட்டு டாடா நிறுவனம் 2008-இல் வாங்கியது நீங்கள் அறிந்ததே.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி எப்படி அறியும்? அதற்குக் கண் இல்லை. ஒவ்வொரு சக்கரத்தருகிலும் ஓர் உயரச் சென்சார் இருக்கிறது. அதன் உடல் வண்டியின் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். அதன் சிறு கை, ஒரு கம்பியால் சக்கரத்தைத் தாங்கும் கையோடு பிணைக்கப்பட்டிருக்கும். வண்டி ஏறி இறங்க, சென்சாரின் கை திரும்பும். அந்தத் திருப்பத்தை அது மின்னழுத்தமாக மாற்றிப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அந்தச் சொல்லை அப்படியே நம்பும். இங்கேதான் வினை தொடங்குகிறது.

பொய் சாட்சி

வண்டி சரியான உயரத்தில் நிற்கிறது என்று கொள்வோம். சென்சார் மட்டும், “உயரம் மிகுந்துவிட்டது” என்று பொய் சொல்கிறது. பெட்டி என்ன செய்யும்? காற்றைத் திறந்துவிடும். வண்டி தாழும். வந்து பார்க்கும் நாம், ‘மூலை தாழ்ந்திருக்கிறது, ஆகவே காற்றுப்பை ஓட்டை’ என்கிறோம். பொய் சொன்னது சென்சார். பழி சுமப்பது காற்றுப்பை. ஆகவே, பழுது தெரியும் இடமும் பழுது இருக்கும் இடமும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டையும் பிரித்தறிய மூன்று கேள்விகள் கேட்டேன்.

முதற் கேள்வி: காற்று கசிகிறதா? மாலையில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் நாடாவால் அளந்து தாளில் குறித்தேன். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றழுத்தமும் கணக்கில் கலந்துவிடும். ஆகவே மையத்திலிருந்து அளப்பதே முறை. காலையில், வண்டியைத் திறக்கும் முன்பே, மறுபடி அளந்தேன். நான்கும் அப்படியே இருந்தன. காற்றுப்பையிலும் குழாய் இணைப்புகளிலும் சோப்பு நீர் தடவினோம். குமிழி வரவில்லை. காற்றுப்பை குற்றமற்றது என்பது அப்போதே தெளிவாயிற்று.

இரண்டாம் கேள்வி: நாடா சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒன்றா? காடுகோடியில் சிறு பட்டறை வைத்திருக்கும் கன்னடப் பெரியவர் ஒருவர் அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். பெட்டியோடு பேசும் சோதனைக் கருவி அவரிடம் இருந்தது. வண்டியை இயக்கிப் பார்த்தோம். மூன்று மூலைகளில் கருவி காட்டிய உயரமும் நாடாவின் உயரமும் ஒத்துப்போயின. இடது முன் மூலையில் மட்டும் எண் நிலைகொள்ளாமல் துள்ளியது. இரண்டும் ஒத்திருந்தால் சென்சார் உண்மை சொல்கிறது என்று விட்டுவிட்டுக் காற்றின் பக்கம் தேடியிருக்க வேண்டும். ஒத்திராதபோது சாட்சியையே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்.

மூன்றாம் கேள்வி: பொய் எங்கே பிறக்கிறது? சென்சாரிலா, அதன் கம்பியிலா, மின்வயரிலா? பிணைக்கும் கம்பி வளைந்திருந்தாலும் அதன் குமிழ் மூட்டு கழன்றிருந்தாலும் நல்ல சென்சாரும் தவறாகவே சொல்லும். பார்த்தோம், அவை செம்மையாகவே இருந்தன. வயர் இணைப்பைக் கழற்றினோம். பச்சைப் பாசி போன்ற துரு இல்லை. சென்சாருக்கு வரும் வயர்கள் மூன்று: 5 வோல்ட் தருவது ஒன்று, தரைவயர் ஒன்று, செய்தி சொல்வது ஒன்று. மல்டிமீட்டரை வைத்ததும் 5 வோல்ட் ஒழுங்காக வந்தது. மிஞ்சியது சென்சார் ஒன்றே.

ஆய்வகத்தில் விசாரணை

அதைக் கழற்றி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். அது பழைய வகைச் சென்சார். உள்ளே கரிப்பூச்சு வில்லொன்று. அதன்மேல் உரசிச் செல்லும் சிறு உலோகத் தொடுகை. நாம் முதலாண்டு ஆய்வகத்தில் கையாண்ட பொட்டென்ஷியோமீட்டரின் தம்பி என்று சொல்லலாம். 5 வோல்ட் கொடுத்தேன். செய்தி முனைக்கும் 5 வோல்ட் முனைக்கும் இடையே ஒரு பெரிய மின்தடையை வைத்தேன். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் தடைக்கு அது பதிலாள். கையின் கீழே ஒரு பாகைமானியை ஒட்டி, ஒவ்வொரு பாகையாகத் திருப்பி அளவு எழுதினேன்.

வரைபடத்தாளில் புள்ளிகள் நேர்கோடாக ஏறின. அரை வோல்ட், ஒன்று, ஒன்றரை, இரண்டு. நடுவில், இரண்டரை வோல்ட்டை நெருங்கும் இடத்தில், திடீரென்று நான்குக்கு மேல் தாவியது. சில பாகைகள் கடந்ததும் பழைய கோட்டுக்கே திரும்பியது. அந்த இடத்தில் கரிப்பூச்சு தேய்ந்து, தொடுகை அற்றுப்போயிருந்தது. தொடுகை அற்றபோது பெட்டியின் தடை மின்னழுத்தத்தை மேலே இழுத்தது. இந்தச் சென்சாரில் வோல்ட் கூடினால் உயரம் கூடியதாகப் பொருள்.

நடு இடம் மட்டும் ஏன் தேய வேண்டும்? எண்ணிப் பாருங்கள். வண்டி ஓடும் நேரமெல்லாம் பெரும்பாலும் வழக்கமான உயரத்திலேயே ஓடுகிறது. 1882-இல் மைசூர் அரசர் பத்தாம் சாமராஜ உடையார் தந்த நிலத்தில் ஆங்கிலோ-இந்தியர் குடியிருப்பாகத் தோன்றிய ஊர் வைட்ஃபீல்ட். இன்று தண்ணீர் லாரிகளும் அலுவலகப் பேருந்துகளும் நெரியும் அதன் சாலைகளில் சக்கரம் இடைவிடாமல் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தொடுகை அதே சில மில்லிமீட்டரில் உரசுகிறது. நாள்தோறும் உழைத்த இடமே முதலில் தேய்ந்தது.

இப்போது எல்லாம் விளங்கிற்று. வண்டி வழக்கமான உயரத்தை எட்டும், தொடுகை தேய்ந்த இடத்தில் ஏறும், “மிக உயரம்” என்ற பொய் பிறக்கும், காற்று வெளியேறும், வண்டி தாழும். தாழ்ந்ததும் தொடுகை நல்ல இடத்துக்கு வந்து, “தாழ்வு” என்று உண்மை சொல்லும்; கம்ப்ரசர் மறுபடி காற்றடைக்கும். இப்படியே முடிவின்றி நடந்தது. கம்ப்ரசர் கெட்டதனால் உறுமவில்லை. ஏவியவர் தவறாக ஏவியதால் ஓயாது உழைத்தது.

முயல்வோர்க்குச் சில சொற்கள்

காற்றை மட்டும் நம்பி நிற்கும் வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். அது சொல்லாமல் தாழும். ஸ்டாண்டு வைத்தே நுழைய வேண்டும். வண்டியில் பொருத்தியபடியே சென்சாரின் கையை ஆட்டினால் வால்வு திறந்துவிடக்கூடும். கழற்றிச் சோதிப்பதே நலம். புதியதைப் பொருத்திய பின் நான்கு மூலைகளையும் அளந்து, பெட்டிக்குச் சரியான உயரத்தைக் கற்பிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் நல்ல சென்சாரும் பிழையாகவே பேசும்.

உரசாமலே அளக்கும் சென்சார்களும் உண்டு. அவை காந்தப்புலத்தைக் கொண்டு அளப்பவை. ஹால் விளைவு அவற்றின் அடிப்படை. அதை 1879 அக்டோபரில் கண்டறிந்த எட்வின் ஹால் அப்போது ஓர் ஆராய்ச்சி மாணவர். அவருக்கு 24 வயது நிரம்பவில்லை. என் வயதுதான்! நம் பாடநூலில் ஒரு பக்கமாக இருக்கும் அந்த விளைவு, எங்கோ ஒரு சக்கரத்தருகில் சேற்றில் நனைந்தபடி வேலை செய்கிறது.

புதிய சென்சாரின் விலை, பட்டறையினர் சொன்ன தொகையில் ஒரு சிறு பங்கே. கன்னடப் பெரியவர் அதைப் பொருத்தி, உயரத்தைக் கற்பித்தார். கூலி கேட்டதற்கு, “பையன் படிப்புக்கு வைத்துக்கொள்” என்று சிரித்தார். வரைபடத்தாளை உரிமையாளரிடம் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். வருத்தம் ஒன்றும் சொல்லவில்லை. சாவியை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். சம்பளப் பிடித்தம் பற்றிய பேச்சு அதன்பின் எழவில்லை.

நான்கு மூலைகளின் அளவையும் குறித்த அந்தத் தாளை அப்பா என்னிடம் திருப்பித் தரவில்லை. மடித்து, ஓட்டுநர் உரிமத்தோடு சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

நண்பர்களே, நாம் கற்கும் இயற்பியல் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதன்று. குற்றம் சாட்டும் முன் அளந்து பார் என்பதே அது கற்பிக்கும் முதல் அறம். அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரு நாடாவும், ஓர் இரவு பொறுமையும் போதும்.