துரோவுடன் படித்தவர்கள்

2011 டிசம்பர் 4 அன்று ரஷ்ய நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. ஓட்டு எண்ணிக்கையில் தில்லுமுல்லு என்று கொதித்த மக்கள், அடுத்த சனிக்கிழமை மாஸ்கோவின் போலோத்னயா சதுக்கத்தில் பல்லாயிரக்கணக்கில் திரண்டார்கள். வேறு நகரங்களிலும் கூட்டம் கூடியது. ஆனால் எல்லா ஊரிலும் இல்லை. கோபம் நாடு முழுக்க இருந்தும் சில ஊர்கள் மட்டும் தெருவுக்கு வந்தது ஏன்?

சமூக வலைத்தளம்தான் காரணம் என்று சொல்வது சுலபம், நிரூபிப்பது கடினம். படித்த இளைஞர்கள் நிறைந்த ஊரில் வலைத்தளப் புழக்கமும் அதிகம், போராட்டமும் அதிகம். எதனால் எது வந்தது என்று எப்படிப் பிரிப்பது?

எனிகோலோபோவ், மகரின், பெட்ரோவா என்ற மூன்று பொருளியலாளர்கள் பிடித்த வழி அபாரமானது. ரஷ்யாவின் பெரிய சமூக வலைத்தளமான விகே-வை 2006-இல் தொடங்கிய பாவெல் துரோவ், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர். முதலில் சேர்ந்தவர்கள் அவர் காலத்தில் அங்கே படித்தவர்கள். அவர்கள் வழியாக அது அவரவர் சொந்த ஊருக்குப் போனது. துரோவின் காலத்தில் எந்த ஊரிலிருந்து அதிகம் பேர் அங்கே படித்தார்களோ, அங்கே விகே முந்தி வேரூன்றியது. அவருக்குச் சில ஆண்டுகள் முன்னும் பின்னும் படித்தவர்களின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், எஞ்சும் வேறுபாடு ஏறக்குறைய குலுக்கல் சீட்டு மாதிரிதான்.

முடிவு 2020-இல் 'எக்கனோமெட்ரிகா' இதழில் வெளியானது. விகே பயனாளர்கள் 10 சதவீதம் கூடினால், போராட்டம் நடக்கும் வாய்ப்பு 4.6 சதவீதமும் கலந்துகொள்வோர் எண்ணிக்கை 19 சதவீதமும் கூடும் என்று தெரிந்தது.

இன்னொரு கண்டுபிடிப்புதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. விகே அதிகம் பரவிய அதே ஊர்களில் அரசுக்கு ஆதரவு குறையவில்லை, கூடத்தான் செய்தது. அப்படியானால் வலைத்தளம் மக்கள் மனதை அரசுக்கு எதிராகத் திருப்பியதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே மனம் கசந்திருந்தவர்களை ஒன்று சேர்த்தது, அவ்வளவே. போகலாமா வேண்டாமா என்று தயங்கும் ஒருவர் போனைத் திறக்கிறார். கூடப் படித்த ஆறு பேர் 'வருகிறேன்' என்று போட்டிருக்கிறார்கள். தனியாகப் போய் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் அங்கேயே பாதி கரைகிறது. எத்தனை பேர் இறங்கினால் நாமும் இறங்குவோம் என்பதில் ஆளுக்கொரு அளவு உண்டு என்று சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1978-லேயே எழுதினார். அந்த எண்ணிக்கையைத்தான் வலைத்தளம் கண்ணுக்குக் காட்டுகிறது.

காட்ட வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். விகே-விலும் ஃபேஸ்புக்கிலுமாகப் பயனாளர்கள் பிரிந்து கிடந்த நகரங்களில் போராட்டங்கள் குறைவாகவே நடந்தன.