உங்களுக்குத் தெரியுமா? கும்மாளத்தில் கொழும்புதான் முந்தி!

‘பஞ்சதந்திரம்’ (2002) நினைவிருக்கிறதா? பெங்களூரில் கூத்தடிக்கப் போன ஐந்து நண்பர்கள், இறந்துவிட்டதாக நம்பிய ஒரு பெண்ணின் உடலோடு திண்டாடுவார்கள். மலையாளமும் கன்னடமும் தெலுங்கும் கலந்த அவர்கள் பேச்சிலேயே பாதிச் சிரிப்பு.

ஆளுக்கொரு பேச்சாய் நண்பர் கூட்டம் அடிக்கும் இந்தக் கூத்தை, 1976இலேயே ‘கோமாளிகள்’ என்ற இலங்கைத் தமிழ்ப்படம் திரைக்குக் கொண்டுவந்துவிட்டது. இலங்கை வானொலியில் பெரும் வரவேற்புப் பெற்ற ‘கோமாளிகளின் கும்மாளம்’ நாடகமே படமானது. எழுதிய எஸ். ராம்தாஸ், மரிக்காராக முஸ்லிம் மக்களின் தமிழைப் பேசினார். ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழில் வெளுத்து வாங்கினார். எஸ். செல்வசேகரன் சிங்களம் கலந்து பேசும் உபாலி. ஐயராக நடித்தவர் யார் தெரியுமா? அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீத்!

கொழும்பின் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அன்றாடம் காதில் விழும் குரல்கள்தான் இவை. ஒருவர் பேச்சை மற்றவர் இத்தனை உரிமையோடு எடுத்துப் பேசியதுதான் இந்தக் கூட்டணியின் பெருமை. மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே ரசிகர்கள் கடைசிவரை அவர்களை அழைத்தார்கள்.